மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

11 யூலை 2005, திங்கள்

நான் மயங்கி விழவில்லை. முதலில் அதை எழுதி வைக்கிறேன்.

கோயிலில், கடையில், மகள் செல்வமலரின் தொலைபேசியில் என்று நான்கு நாட்களாக ஒரு கதை ஓடுகிறது: செல்வமலரின் அம்மா குண்டுச் சத்தம் கேட்டு றோட்டில் மயங்கி விழுந்தாவாம், வாயில் நுரை தள்ளியதாம். குண்டுகள் வெடித்தது லண்டன் நகரத்துக்குள், வியாழன் காலையில். நான் நின்றது ஃபாரஸ்ட் கேட்டில், பின்னேரம் நாலரை மணிக்கு. எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. நுரையும் வரவில்லை.

நடந்தது இதுதான். இராஜேந்திரனின் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் இல்லை. நகரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நடைபாதை போதாமல் தெருவிலும் இறங்கி நடந்தார்கள். சில பெண்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில். அப்போது கழுத்தில் ரை கட்டிய ஒரு மனிதன் எதையோ மறந்தவன் போல நின்றான். திரும்பிக் கூட்டத்துக்கு எதிராக நடக்கத் தொடங்கினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நடைபாதையில் உட்கார்ந்தேன். கையை விடவில்லை. இருபது நிமிடம் என்கிறார் இராஜேந்திரன். பன்னிரண்டு இருக்கலாம்.

உட்காருவது வேறு, விழுவது வேறு.

13 யூலை, புதன்

அந்த மனிதனின் பெயரைக் கேட்கவில்லை. அவன் ஒருமுறைகூடக் கையை இழுக்கவில்லை.

5 ஓகஸ்ட், வெள்ளி

ஒரு மாதமாக வாசல் படலைக்கு வெளியே காலடி வைக்கவில்லை. எழுபத்தொரு வயதில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். செல்வமலர் விடவில்லை.

"அம்மா, பின்கதவை இண்டைக்கு எத்தினை தரம் இழுத்துப் பாத்தனீங்கள்?"

"இரண்டு."

"ஒன்பது. நான் மேலை இருந்து எண்ணினனான்."

ஒட்டுக் கேட்கிற பிள்ளையை நான் வளர்க்கவில்லை என்றேன். அவள் அழுதாள். அதனால் டொக்டரிடம் போனோம். அந்த டொக்டர் இன்னொரு இடத்துக்கு எழுதுகிறாராம். நடந்ததைக் கதைத்துக் கதைத்தே சுகப்படுத்துகிற இடமாம்.

படிவத்தை மருமகன் கணேஸ்வரன் நிரப்பினார். "மாமிக்கு இங்கிலிஷ் காணாது" என்று தானே முடிவுசெய்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற பெட்டியில் அடையாளம் போட்டார். கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைக்கு மூன்று வருடம் தொடர்ந்து முதற்பரிசு வாங்கியவள் நான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம், அதில் கடைசிப் பதினொரு வருடம் தலைமை எழுதுவினைஞர். என் மேசையைத் தாண்டிப் பிழையான ஆங்கிலக் கடிதம் ஒன்றும் வெளியே போனதில்லை.

ஆனாலும் அடையாளத்தை அழிக்கச் சொல்லவில்லை. ஏன்? ஒன்று, எனக்கு விளங்காது என்று நினைத்தால் அவர்கள் என்னைப் பற்றி உள்ளதைக் கதைப்பார்கள். மற்றது — ஆங்கிலத்தில் அழுது எனக்குப் பழக்கமில்லை.

6 செப்ரெம்பர், செவ்வாய்

பெண் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். வைத்தியம் பார்க்க வந்திருப்பது ஆண். பெயர் பீற்றர். நாற்பது வயது இருக்கும், மேற்சட்டையின் முழங்கையில் ஓட்டை. மிஸ்டர் என்று சொல்லவேண்டாமாம், வெறும் பீற்றராம். இல்ஃபோர்டில் மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை.

மொழிபெயர்க்க வந்தவள் நகுலேஸ்வரி. சொந்த இடம் சுன்னாகம், இப்போது ஃபாரஸ்ட் கேட். கண்டவுடனே, "அன்ரி, நான் உங்களைக் கோயிலிலை கண்டிருக்கிறன்" என்றாள். நல்லது. இனி ஊர் முழுக்க அறிவித்தல் வாசிக்கத் தேவையில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "இஞ்சை கதைக்கிறது இந்தக் கதவுக்கு வெளியிலை போகாது அன்ரி. போனால் என்ர வேலை போயிடும். வேலை போனால் எங்கட வீட்டிலை ஒருதரும் என்னோடை கதைக்கமாட்டினம்."

சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

13 செப்ரெம்பர், செவ்வாய்

பீற்றர் தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைத்தார். அதுதான் என் வாழ்க்கையாம். நல்லது நடந்த இடத்தில் கடதாசிப் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பாலர் வகுப்பு விளையாட்டு என்று நகுலேஸ்வரியிடம் சொன்னேன். அவள் அதை ஆங்கிலத்தில் "கொஞ்சம் தயங்குகிறார்" என்று சொன்னாள். இவள் காரத்தைக் குறைத்துச் சமைக்கிற ஆள்.

பூக்கள் வைத்தேன். கொன்வென்ற், கச்சேரி நியமனம், தில்லையம்பலத்தைக் கைப்பிடித்தது, செல்வமலர் பிறந்தது. கற்களும் வைத்தேன். பெரிய கல்லைத் தொடவில்லை. பீற்றர் அதைக் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல பழக்கம்.

27 செப்ரெம்பர், செவ்வாய்

அவருடைய முறை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை எழுதத்தான் வேண்டும். நான் சொல்வதைக் குறித்துக்கொண்டு போய்த் தட்டெழுத்தில் அடித்து, அடுத்த கிழமை வாசிக்கிறார். பிழை இருந்தால் நான் திருத்தவேண்டும். கடைசியில் எல்லோரும் கையொப்பம் வைத்து எனக்கு ஒரு பிரதி தருவாராம். கூட்ட அறிக்கை போல. இதைத்தானே நான் முப்பத்தொரு வருடம் செய்தேன்.

முதல் இரண்டு பக்கங்களும் சரி. நாட்கள் சரி. பெயர்கள் சரி.

4 ஒக்ரோபர், செவ்வாய்

சொன்னேன்.

1995 ஒக்ரோபர் முப்பது. யாழ்ப்பாணத்தில் அரியாலை. சண்டை நெருங்குகிறது, எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை. நானும் தில்லையம்பலமும், இரண்டு பை. ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டில் ஏறினால் சனம், சனம், சனம். ஒருவரும் கதைக்கவில்லை, நடக்கிற சத்தம் மட்டும். அங்கே நின்று நான் கேட்டேன், பின்பக்கக் குசினிக் கதவைப் பூட்டினீர்களா என்று. அவர் சொன்னார், "பூட்டினனான், வாரும் நடப்பம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் ஒருநாளும் ஆமைப்பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. "போய்ப் பாத்திட்டு வாங்கோ, நான் இந்த மதிலடியிலை நிக்கிறன்" என்றேன். அவர் சிரித்தார். "கச்சேரி உத்தரவு எண்டால் மறுக்க ஏலுமே?" சிரித்துக்கொண்டே சனத்துக்கு எதிராகத் திரும்பிப் போனார்.

சனம் என்னை மதிலடியில் நிற்க விடவில்லை. தள்ளிக்கொண்டே ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் கொண்டுபோனது. பன்னிரண்டாம் நாள், பக்கத்து வீட்டுச் சதாசிவம், சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் நான் அகதியாக இருந்த வகுப்பறைக்கு வந்தார். செல் குண்டு விழுந்து, தில்லையம்பலம் எங்கள் படலையடியிலேயே கிடந்தாராம். தானும் இன்னொருவருமாக எரித்துவிட்டு வந்தோம் என்றார். பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்ததாம். குசினிக் கதவு பூட்டியபடியே இருந்ததாம்.

இதையெல்லாம் தமிழில் சொன்னேன். கடைசியாக, "நான்தான் அனுப்பினன்" என்றேன்.

நகுலேஸ்வரி குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: பூட்டியது நினைவில்லை என்று கணவர் தானே திரும்பிப் போனார்; மனைவி தடுத்தும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை.

5 ஒக்ரோபர், புதன்

அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் நான். ஏன் திரும்பிப் போனார் என்று சதாசிவம் கேட்டபோது, "சொன்னால் கேட்டால்தானே, பூட்டைப் பாக்கவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டார்" என்றேன். யோசிக்காமல் வந்தது. பிறகு அதையே எல்லோரும் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். பத்து வருடம். நகுலேஸ்வரியும் கோயிலடியில் கேட்டிருப்பாள்.

11 ஒக்ரோபர், செவ்வாய்

பீற்றர் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். அந்த வரி அங்கே இருந்தது. "கணவர் தானே திரும்பிப் போனார்." திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

14 ஒக்ரோபர், வெள்ளி

பின்கதவு. பதினான்கு தரம். இன்றைக்கு எண்ணியது நானே.

என் மேசைக்கு ஒரு பிழையான தாள் வந்தது. பிழை என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் என்ன செய்திருப்பேன்? எத்தனை இளம் எழுதுவினைஞர்களை அந்தக் கச்சேரிக் கந்தோரில் அழ வைத்திருக்கிறேன், ஒரு திகதிப் பிழைக்காக.

என்ன மனிசி நான்? அந்த மனுசன் சிரிச்சுக்கொண்டு போனவர். நான் சொன்னன் எண்டதுக்காக மட்டும் போனவர். அவருக்குப் பூட்டும் தேவையில்லை ஒண்டும் தேவையில்லை. அவரைப் போய்ப் பிடிவாதக்காரன் எண்டு —

நாளைக்கு எழுதுகிறேன்.

18 ஒக்ரோபர், செவ்வாய்

கைப்பையில் சிவப்புப் பேனை கொண்டு போனேன். உட்கார்ந்தவுடன் பீற்றரிடம் ஆங்கிலத்தில், மூன்றாம் பக்கத்தைத் தயவுசெய்து தாருங்கள் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வரியை வெட்டினேன். ஓரத்தில் ஆங்கிலத்திலேயே எழுதினேன்: அவர் கதவைப் பூட்டியிருந்தார். நான் நம்பவில்லை. நான் அனுப்பினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன். நான்காம் வரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்தினேன்.

பீற்றர் வாசித்தார். "உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றார். அது உண்மைதான்.

நகுலேஸ்வரி அழுதுவிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. நீங்கள் என்ர அம்மா மாதிரி இருந்தனீங்கள். புருசனை இழந்த ஒரு பொம்பிளையைப் பற்றி அப்பிடி ஒரு சொல்லை என்ர வாயாலை சொல்ல ஏலாமல் போச்சு."

"நீர் செய்தது வேலைப் பிழை" என்றேன். "மனப் பிழை இல்லை." அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

உங்கள் தவறு இல்லை என்று பீற்றர் சொல்லுவார், சொன்னால் எழும்பிப் போய்விடலாம் என்று இருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த மதிலடியில் நின்றபோது உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்டார். கோப்புக் கேட்பது போலக் கேட்டார், அதனால் பதில் சொல்ல முடிந்தது. அவரிடம் சொன்னால் போவார் என்று தெரியும். வீடு கால் மைல் தூரம் என்று தெரியும். அந்த நேரம் வரைக்கும் எங்கள் பக்கம் செல் விழவில்லை. விழும் என்று தெரியாது. அவர் வரமாட்டார் என்று தெரியாது.

எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், கணவர் இருக்கிறார், பூட்டு இருக்கிறது. செல் அடித்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்றார்.

பத்து வருடத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு!

அழுதேன். ஆங்கிலமும் தமிழும் கலந்துதான். அவர் கண் துடைக்கிற கடதாசியைப் பெட்டியோடு தள்ளிவிட்டார். என் கைலேஞ்சி இருக்கிறது என்றேன்.

19 ஒக்ரோபர், புதன்

பின்கதவு, மூன்று தரம்.

9 நவெம்பர், புதன்

இன்று அவருடைய திதி. குரோய்டனிலிருந்து அவருடைய தம்பி அருட்பிரகாசம் ஒவ்வொரு வருடமும் போல வந்தார். வெளியே போகும்போது அவர் எனக்குக் கதவு திறந்து பிடிப்பார். நான் உட்காரும் வரை தான் உட்காரமாட்டார். அண்ணனுடைய படத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் செல்வமலர், "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் பாயாசம்" என்றாள். அவர் இலையை மடித்தார்.

"காணும் பிள்ளை. பத்து வருசமும் காணும். அண்ணி, குறை நினையாதேங்கோ, அடுத்த வருசம் நான் வரேல்லை. மனிசியை நடுறோட்டிலை விட்டிட்டுப் பூட்டைப் பாக்கப் போன ஆளுக்கு நான் பிண்டம் வைச்சது காணும். நீங்கள் தனியச் சனத்துக்குள்ளை நிண்டதை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது."

"தம்பி," என்றேன்.

"நீங்கள் பெரிய மனசு அண்ணி. ஒருநாளும் அவரைப் பற்றி ஒரு சொல் குறைவாச் சொன்னதில்லை."

தண்ணீர் குடித்தேன். அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

15 நவெம்பர், செவ்வாய்

அருட்பிரகாசத்திடம் உண்மையைச் சொல்லவா, விடவா என்று பீற்றரிடம் கேட்டேன். "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்றார். வந்த கோப்பை அப்படியே திருப்பி அனுப்புகிற சோம்பேறி எழுதுவினைஞரின் வேலை இது என்று சொன்னேன். சிரித்தார்.

29 நவெம்பர், செவ்வாய்

பின்னேரம் ஐந்தரைக்கு இல்ஃபோர்ட் ஸ்ரேசன் வாசலில் நான், பீற்றர், நகுலேஸ்வரி. இதுவும் மருந்தின் ஒரு பகுதியாம். உள்ளிருந்து சனம் வந்துகொண்டே இருந்தது. காலுக்குக் கீழே சேறு இருப்பது போல இருந்தது. இங்கே இருப்பது, அரியாலையில் இல்லாதது எதையாவது சொல்லுங்கள் என்றார் பீற்றர்.

"குளிர்," என்றேன். "இரட்டைத் தட்டு பஸ். நிலத்தில் ஒட்டியிருக்கிற சுவிங்கம். உங்களுடைய கிழிந்த சட்டை."

"அன்ரி!" என்றாள் நகுலேஸ்வரி.

முகங்களைப் பார்த்தேன். ஒருத்தி தொலைபேசியில் உறைபெட்டியிலிருந்து கோழியை எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டு போனாள். ஒருவன் குடையோடு சண்டை பிடித்தான். இவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான். எல்லோருக்கும் போக ஒரு வீடு இருக்கிறது. பதினொரு நிமிடம் நின்றேன். மணிக்கூட்டில் பார்த்தது.

இரண்டு பேர் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி நடந்தார்கள். போகவிட்டேன்.

11 டிசெம்பர், ஞாயிறு

செல்வமலருக்கு உண்மையைச் சொன்னேன். அவள் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்பா பூட்டுக்காக ஒற்றைக்காலிலை நிண்டவராம்! கதவைத் திறந்துபோட்டு நித்திரை கொள்ளுற மனிசன். நான் அப்பவே யோசிச்சனான்."

"பிறகு ஏன் என்னைக் கேட்கவில்லை?"

"உங்களிட்டை ஆர் கேள்வி கேக்கிறது, அம்மா?"

பிறகுதான் கத்தியை வைத்துவிட்டு அழுதாள். பத்து வருடமாக நான் அப்பாவோடு கோபமாக இருந்தேனே என்றாள்.

13 டிசெம்பர், செவ்வாய்

மூன்று நாட்களாக அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள். சரி. அது என் கணக்கில் வரவேண்டியதுதான். இன்று இல்ஃபோர்டுக்குத் தனியே பஸ்ஸில் போய் வந்தேன். திரும்பி வர, கேட்காமலே தேநீர் வைத்துத் தந்தாள். சீனி அதிகம். சொல்லவில்லை.

3 ஜனவரி 2006, செவ்வாய்

கடைசி நாள். ஏழு பக்கங்கள், மூவரும் கையொப்பம் வைத்தோம். முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரைக்கும் நானே உரத்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்திலும் நிறுத்தவில்லை. ஒரு விடயம் கவனித்தேன்: முன்பெல்லாம் அந்த மதிலடியை நினைத்தால் அவருடைய முதுகு மட்டும் தெரியும். இன்று வாசிக்கும்போது அவர் சிரித்த முகம் வந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று நகுலேஸ்வரி கேட்டாள். இல்லை. சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் என்னால் இருக்க முடிகிறது. வெளியே போக முடிகிறது. அவரை நினைக்க முடிகிறது.

பீற்றருக்கு ஒரு மேற்சட்டை கொடுத்தேன். பரிசு வாங்கக்கூடாது என்ற விதியாம். அப்படியானால் இதைக் கந்தோர்ச் சொத்தாகப் பதிந்துவிட்டுப் போடுங்கள் என்றேன்.

10 ஜனவரி, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை வெறுமையாக இருந்தது. காலையில் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதைக் குட்மேய்ஸ் தபாற்கந்தோருக்கு நானே நடந்து போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். பிரதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்புள்ள தம்பி அருட்பிரகாசம்,

உம்முடைய அண்ணர் என்னை றோட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டேன் என்றுதான் சொன்னார். நான் நம்பாமல், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டு போனார். கதவு பூட்டித்தான் இருந்தது. தானே பிடிவாதமாகப் போனார் என்று பிறகு ஊருக்குச் சொன்னது நான். அது பொய். பத்து வருடமாக அந்தப் பொய்யின் பேரில் நீர் எனக்கு மரியாதை தந்தீர், உம்முடைய அண்ணரிடம் கோபித்தீர். கோபம் யாரிடம் வரவேண்டும் என்பதை இனி நீர் தீர்மானியும். அவரிடம் மட்டும் வேண்டாம்.

செல் விழும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் தப்பிக்கச் சாட்டாகச் சொல்லவில்லை. அதுவும் நடந்ததில் ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

இந்த வருடத் திதிக்கு நீர் வருவீரா, மாட்டீரா என்பதை எனக்கு அறியத் தரவும். தொலைபேசியில் வேண்டாம், நீர் அழுதாலும் ஏசினாலும் நான் இடையில் கதைத்துவிடுவேன். உமது கையால் எழுதி, தபாலில் பதில் அனுப்பவும்.